கணிப்பும் கட்டுப்பாட்டாளரும்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதிலிருந்து, எங்கள் முற்றத்தில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள், எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள், அது சரியன்று. விமானம் சில நிமிடங்களில் எங்கே, எந்த உயரத்தில் இருக்கும் என்று கணினி முன்கூட்டிச் சொன்னாலும், விமானத்தின் உண்மையான எடையும் மேலே வீசும் காற்றும் அதற்குத் துல்லியமாகத் தெரியாததால், குறிப்பாக மேலேறும்போதும் இறங்கும்போதும், அக்கணிப்புப் பிசகக்கூடும். ஆகவே, இரண்டு விமானங்கள் விலகிச் செல்லும் என்று திரை காட்டினாலும், ஐயம் இருந்தால், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், மேலேறும் விமானத்தை மற்றதற்கு 1,000 அடி கீழேயே நிறுத்திவைத்து, இரண்டும் கடந்த பின்னரே மேலே விடுகிறார். இதனால் எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம். அதைத் திறமைக்குறைவு என்று சொல்வது எனக்கு வேதனையளிக்கிறது. புதிய கருவிகளுக்குப் பணம் ஒதுக்குவோர், கட்டுப்பாட்டாளர்களின் பயிற்சிக்கும் ஓய்வுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

வாசகர்,
தெல்லிப்பழை.