கருப்பன் ஏன் இன்னும் ஜெங்கர் ஆகவில்லை

மாப்ளே,

உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆகிறது. போனில் நாலு வரி தட்டி அனுப்பினால் முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மாதம் பேசாமல் இருந்ததற்குத் திட்டுவதென்றால் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தாடி வேலை மாறிவிட்டான், இனி ஞாயிற்றுக்கிழமை லீவாம். நம்பிக்கொள்.

இப்போது குட்டியின் வழக்குக்கு வருகிறேன். ஸ்கார்லெட் என்கிற போக்கிமான் கேமில் ஹான்டர் என்கிற பேய்ப் போக்கிமானுக்குக் கருப்பன் என்று பெயர் வைத்து லெவல் 52 வரை வளர்த்துவிட்டாள், இன்னும் அதன் அடுத்த உருவமான ஜெங்கர் ஆகவில்லை, கேம் பழுதா என்று கேட்டிருந்தாய். பழுது இல்லைடா. லெவல் 100 போனாலும் கருப்பன் ஹான்டராகத்தான் இருப்பான். அவனுடைய முதல் உருவமான கேஸ்ட்லி லெவல் 25-இல் ஹான்டர் ஆகிறது, லெவலின் வேலை அதோடு முடிந்தது. அடுத்த படிக்கு அவனை இன்னொருவருக்கு டிரேட் செய்ய வேண்டும், அதாவது அவரிடம் கொடுத்துப் பதிலுக்கு ஒரு போக்கிமானை வாங்க வேண்டும். கை மாறிய அந்த நொடியில் ஜெங்கர் ஆவான். வேறு வழி ஸ்கார்லெட்டில் கிடையாது.

இது புதிதாக வந்த சட்டமும் இல்லை. 1996 பிப்ரவரி 27-இல் ஜப்பானில் முதல் போக்கிமான் கேம்களான ரெட், கிரீன் இரண்டும் வெளிவந்தபோதே கடாப்ரா, மச்சோக், கிராவ்லர், ஹான்டர் என்று நாலு பேருக்கு இந்த விதி இருந்தது. கேமை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கேம்பாய் என்கிற கையடக்கக் கேம் கருவிகள் இரண்டை இணைக்கிற கேபிளைப் பார்த்தபோது அதன் வழியாகப் பூச்சி ஊர்ந்து போகிற மாதிரி அவருக்குத் தோன்றியதாம். மொத்தத்தில் கேமின் விதையே அந்த ஒயர்தான். ஜப்பானியர்கள் இந்த மாற்றத்துக்கு ‘ஷிங்கா’ என்கிறார்கள், பரிணாமம் என்று அர்த்தம். ஆனால் நடப்பது உருமாற்றம். கேட்டர்பி என்கிற புழு லெவல் 7-இல் கூட்டுப்புழு, 10-இல் பட்டாம்பூச்சி. பரிணாமம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, நாளைக்கு அறிவியல் வகுப்பில் அவள் குழம்பினால் என்னிடம் வராதே.

டிரேட் எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். எக்ஸ் பட்டனை அழுத்தினால் வரும் மெனுவில் போக்கே போர்ட்டல், அதற்குள் லிங்க் டிரேட். எல் பட்டனை அழுத்தாத வரை கேம் ஆஃப்லைனில்தான் இருக்கும். கேம் ஓடுகிற ஸ்விட்ச் கருவி இரண்டும் ஒரே அறையில் இருந்தால் அதுவே போதும், சந்தா கட்ட வேண்டாம். எல் அழுத்தி ஆன்லைன் போனால்தான் மாதக்கட்டணம். லிங்க் கோட் கேட்கும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் போட வேண்டும். கோட் போடாமல் தேடினால் யார் கையில் போய் மாட்டுவோம் என்று தெரியாது.

பக்கத்திலேயே சர்ப்ரைஸ் டிரேட் என்று ஒன்று இருக்கும். குட்டியிடம் இதை அழுத்திச் சொல். அதில் போட்டாலும் கருப்பன் ஜெங்கர் ஆவான், ஆனால் முகம் தெரியாத ஒருவர் வீட்டில் ஆவான், திரும்பி வரமாட்டான். பதிலுக்கு எதுவோ ஒன்று வந்து நிற்கும். திரும்பத் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் தெரிந்தவரோடு மட்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உருமாற்றம் நடப்பது வாங்குகிறவரின் திரையில். கருப்பனை எனக்கு அனுப்பினால் அவன் மின்னி, உருவம் கலைந்து, ஜெங்கராக எழுவது என் ஸ்விட்சில்தான் தெரியும். குட்டிக்கு எல்லாம் முடிந்து, தயாராகி வந்த ஜெங்கர்தான் கிடைக்கும். 52 லெவல் வளர்த்தவள் அந்தப் பத்து நொடியைப் பார்க்காமல் போவது எனக்கு மனசே ஆறவில்லை.

வழி இருக்கிறது. எவர்ஸ்டோன் என்று ஒரு கல், அதைக் கையில் வைத்திருக்கிற போக்கிமான் உருமாறாது. கேமுக்குள்ளேயே டெலிபேர்ட் பிரசன்ட்ஸ் கடையில் கிடைக்கும். கருப்பன் கையில் எவர்ஸ்டோனைக் கொடுத்து எனக்கு அனுப்பட்டும். என்னிடம் வரும்போது ஹான்டராகவே இருப்பான். நான் கல்லைக் கழற்றிவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன். இப்போது வாங்குகிறவள் குட்டி. அவள் திரையில், அவள் கண் முன்னால் ஜெங்கர் ஆவான். பெயரும் கருப்பன் என்றே இருக்கும்.

இந்தக் கல்லை வைத்து கேமே நம்மை ஒருமுறை ஏமாற்றியது ஞாபகம் இருக்கிறதா? பழைய போக்கிமான் கேம்களான டைமண்ட், பேர்ல் இரண்டிலும் ஸ்னோபாயின்ட் ஊரில் மிண்டி என்று ஒருத்தி, மெடிசாம் என்கிற போக்கிமானைக் கொடுத்தால் ஹான்டர் தருவாள். டிரேட் முடிந்ததும் ஜெங்கர் வரும் என்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தால் ஹான்டராகவே நிற்கும். கையில் எவர்ஸ்டோனைக் கொடுத்து அனுப்பியிருப்பாள் கிராதகி! அதே தந்திரத்தைத்தான் இப்போது நல்ல காரியத்துக்குத் திருப்புகிறோம். ஒன்று மட்டும் நினைவில் வை: பழைய கேம்களில் கடாப்ராவிடம் இது செல்லாது. நாலாம் தலைமுறையிலிருந்து, அதாவது அந்த டைமண்ட், பேர்ல் முதல், எவர்ஸ்டோன் இருந்தாலும் டிரேடில் அலகசாம் ஆகிவிடும்.

சில போக்கிமானுக்கு டிரேடோடு ஒரு பொருளும் வேண்டும். சைத்தர் கையில் மெட்டல் கோட் இருந்தால்தான் சிசர். ஸ்லோபோக் கையில் கிங்ஸ் ராக் இருந்தால் ஸ்லோகிங். பொருளைக் கொடுக்க மறந்து அனுப்பினால் போனது போனபடி திரும்பும். மற்றபடி நஷ்டம் இல்லை.

இந்த விதியை நான் இவ்வளவு தாங்கிப் பேசுவதற்குக் காரணம் உண்டு, கூடவே ஒரு கவலையும் உண்டு. சில போக்கிமானை உருமாற்றுகிற கல்லைத் தேடிப் பிடிக்கலாம், லெவலை ஏற்றலாம், எல்லாம் தனியாக உட்கார்ந்து முடிகிற வேலை. இது ஒன்றுதான் இன்னொரு ஆள் இருந்தே தீர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த இன்னொரு ஆளைச் சேர்த்துவைக்கிற கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. ஸ்விட்சுக்கு முன்னால் டிஎஸ், 3டிஎஸ் என்று கருவிகள் இருந்தன. டிஎஸ் கேம்களின் ஆன்லைன் சேவை 2014 மே மாதம் நின்றது. 3டிஎஸ்ஸுக்கு 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பிள்ளை 3டிஎஸ்ஸில் ஓடுகிற பழைய போக்கிமான் எக்ஸ் கேமை எடுத்து ஆடினால், பக்கத்தில் இன்னொரு 3டிஎஸ்ஸோடு ஒருவர் உட்கார்ந்தால் ஒழிய அதன் ஹான்டர் ஹான்டராகவே முடியும். ஸ்விட்சுக்கும் ஒரு நாள் இது வரும்.

2022 ஜனவரியில் வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் என்கிற போக்கிமான் கேமில் லிங்கிங் கார்ட், அதாவது இணைக்கிற கயிறு, என்று ஒரு பொருளை வைத்தார்கள். அதை உபயோகித்தால் டிரேட் இல்லாமலே ஜெங்கர். தனியாக ஆடுகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி, நான் அதற்கு முழு ஆதரவு. அதே வருடம் நவம்பரில் ஸ்கார்லெட் வந்தபோது ஏன் எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை கோபம். இரண்டு வழியும் இருக்கட்டுமே! துணைக்கு ஆள் உள்ளவன் டிரேட் செய்யட்டும், இல்லாதவனுக்குக் கயிறு கிடைக்கட்டும்.

அடுத்தது அந்த ஈவீ, பல உருவமாக மாறக்கூடிய போக்கிமான். அதைக் குட்டி இரவில் அம்ப்ரியான் ஆக்கப் பார்த்தாளாம், இளஞ்சிவப்பு ரிப்பனோடு சில்வியான் வந்துவிட்டதாம், அழுதாளாம். காரணம் ஒரே ஒரு அடி, அதாவது சண்டையில் போடுகிற வித்தை. ஈவீ லெவல் 15-இல் பேபி டால் ஐஸ் கற்கிறது, அது ஃபேரி வகை. நட்பு போதுமான அளவு ஏறியிருந்து, ஃபேரி அடி ஒன்றும் கையில் இருந்தால், பகலானாலும் இரவானாலும் சில்வியான்தான். அடுத்த ஈவீயை வளர்க்கும்போது லெவல் ஏறுவதற்கு முன் அடிகளின் பக்கத்தைத் திறந்து அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கச் சொல். பிறகு ராத்திரி நேரத்தில் ஏற்றினால் அம்ப்ரியான், பகலில் எஸ்பியான். நட்பு எண் முன்பு 220 வேண்டியிருந்தது, எட்டாம் தலைமுறையிலிருந்து 160 போதும். கையில் சூத் பெல் என்கிற மணியைக் கொடுத்துப் பிக்னிக் போட்டுக் குளிப்பாட்டினால் சீக்கிரம் ஏறும். சண்டையில் மயங்கி விழுந்தால் இறங்கும்.

இன்னொன்று, உன் வீட்டில் யாரும் கவனிக்காதது. ஆர் பட்டனை அழுத்திப் போக்கிமானைத் தனியாகச் சண்டைக்கு அனுப்புகிறாளே, அதில் லெவல் ஏறினால் உருமாற்றம் வராது. அனுபவம் கூடும், அவ்வளவுதான். சாதாரணச் சண்டையில் இன்னொரு லெவல் ஏற வேண்டும், அல்லது லெவல் ஏற்றுகிற ரேர் கேண்டி மிட்டாய் ஒன்று கொடுக்க வேண்டும். ‘இதுவும் பழுது’ என்று நீ எழுதப்போவது தெரிந்தே முன்கூட்டிச் சொல்கிறேன். பாமோ என்கிற போக்கிமான் மட்டும் வேறு மாதிரி: அது உருமாற, அதே ஆர் பட்டனால் வெளியே விட்டு அதோடு 1000 காலடி நடக்க வேண்டும், பிறகு ஒரு லெவல். சவாரிப் போக்கிமான் கொரைடான் மேல் ஏறிப் பறந்தால் பாமோ பின்தங்கிப் பந்துக்குள் போய்விடும். நடந்தே போகச் சொல்.

பிரைம்ஏப் வைத்திருக்கிறாள் என்றாயே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது. லெவல் 35-இல் ரேஜ் ஃபிஸ்ட் கற்கும். அந்த அடியை 20 முறை அடித்த பிறகு ஒரு லெவல் ஏறினால் அனிஹிலேப். அடி வாங்க வாங்க ரேஜ் ஃபிஸ்டின் வலு கூடும், கோபத்திலேயே செத்துப் பேயாகிற குரங்கு அது. விதியும் கதையும் ஒன்றாகப் பொருந்தி நிற்கிறது பார். அந்த அடிக்கு 10 பிபிதான் இருக்கும், அதாவது பத்து முறைதான் போடலாம், நடுவில் ஒருமுறை போக்கிமான் சென்டர் போய் வர வேண்டும். எண்ணிக்கையைக் கேம் காட்டாது, நோட்டில் கோடு போடச் சொல்.

இதே அழகு நின்காடாவிடமும் உண்டு. சிள்வண்டின் குட்டி அது. லெவல் 20-இல் நிஞ்சாஸ்க் ஆகிப் பறக்கும்போது, டீமில் ஒரு இடம் காலியாகவும் பையில் ஒரு போக்கே பால் மிச்சமும் இருந்தால், அது கழற்றிப்போட்ட கூடு ஷெடிஞ்சா என்கிற தனிப் போக்கிமானாக வந்து நிற்கும். முதுகில் ஒரு பிளவு, உள்ளே ஒன்றுமில்லை, உயிர் எப்போதும் 1. ஜப்பானில் கோடைக்காலத்தில் மரப்பட்டையில் ஒட்டிக் கிடக்கிற வெறும் கூட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் இது தோன்றும். பையில் பந்து இல்லாமலோ ஆறு பேரும் நிரம்பியோ போனால் கூடு வராது. வராததும் நமக்குத் தெரியாது.

நான் வருகிற மாதம் 15-ஆம் தேதி ஊருக்கு வருகிறேன், இரண்டு நாள் இருப்பேன். ஸ்விட்சைக் கொண்டுவருகிறேன். ஆன்லைன் சந்தாவுக்கு நீ இப்போது காசு கட்டாதே. அதற்குள் குட்டி எவர்ஸ்டோனை வாங்கிக் கருப்பன் கையில் கொடுத்து, அவனை டீமிலோ பாக்ஸிலோ பத்திரமாக வைத்திருக்கட்டும். சர்ப்ரைஸ் டிரேட் பக்கமே போகக்கூடாது. பதிலுக்கு நான் அனுப்பப்போவதும் ஒரு ஹான்டர்தான், அதன் கையிலும் கல் இருக்கும், திருப்பி வாங்கிக்கொள்வேன். லிங்க் கோடை அவளே யோசித்து வைக்கட்டும், எட்டு இலக்கம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் டிரேடை முடித்துவிட வேண்டும், இரண்டு ஸ்விட்சையும் மதியமே சார்ஜில் போட்டு வை.

உன்,
ரவி