சித்தி, அந்தப் பதிவை அழிக்காதீர்கள்

அன்புள்ள சித்தி,

பியானோ இசையமைப்பாளர் ஷோப்பினின் இசையை நீங்கள் வாசித்து அனுப்பிய பதிவைக் கேட்டேன். இ ஃபிளாட் நாக்டர்ன் என்ற அந்த மெல்லிய 'இரவு இசை', அவருடைய ஓபஸ் 9 என்ற தொகுப்பில் இரண்டாவது. கூடவே "நடுவில் இடிமுழக்கம், கடைசியில் தடுமாற்றம், அழிக்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அழிக்க வேண்டாம்.

யூடியூபில் கேட்டதை அப்படியே கொண்டுவரப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஷோப்பினே எப்போதும் ஒரே மாதிரி வாசிக்கச் சொன்னவர் இல்லை. 1832-இல் இது அச்சில் வந்த பிறகும், மாணவர்களின் பிரதிகளில் வேறு வேறு அலங்கார ஸ்வரங்களைக் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் நான்கு பாரில், அதாவது நான்கு தாளக் கட்டங்களில், வரும் மெட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் புதிதாகிறது. கீர்த்தனை பாடிப் பழகிய உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், பல்லவிக்குச் சங்கதி போடுவது போலத்தான். மூன்றாவது முறை அந்தச் சின்ன ஸ்வரங்களை அவசரப்படாமல், மூச்செடுத்துப் பாடுவதாகவே வாசித்தீர்களே, எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நீங்கள் தடுமாறிய இடம் முடிவுக்கு முன் நான்கு ஸ்வரம் சுழன்று சுழன்று வரும் இடம். அங்கே 'சென்ஸா டெம்போ' என்றே போட்டிருக்கிறது. தாளக்கட்டு இல்லாத இடம் சித்தி, அங்கே நின்று வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

வேலை இருப்பது இடது கையில்தான். வலது கை தயங்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து தயங்குகிறது. இடது கைதான் இசைக்குழுவை நடத்துபவர், அதன் தாளம் அசையக்கூடாது என்று ஷோப்பின் தம் மாணவர்களிடம் சொல்வாராம். கொஞ்ச நாள் அதை மட்டும் பெடலோடு வாசியுங்கள், அடியில் ஒலிக்கும் பேஸ் ஸ்வரம் மாறும்போது காலடிப் பெடலையும் மாற்றி.

அப்புறம், கைப்பேசியைப் பியானோ மேலேயே வைக்காதீர்கள். பெடல் இடிக்கும் சத்தம் எல்லாம் விழுகிறது. ஆறேழு அடி தள்ளி வையுங்கள், ஒலியைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். கடைசிப் பக்கத்தின் பலத்த ஆக்டேவுகளும் (ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில்) முடிவின் மெல்லிய கார்டுகளும் (பல ஸ்வரம் சேர்ந்து) ஏறக்குறைய ஒரே அளவில் கேட்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஒரு கட்டை அழுத்தினால் மேலே வர மறுக்கிறது என்றீர்களே, அது விரலின் குற்றமில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஈரத்தில் மரமும் ஃபெல்ட்டும் ஊறிப்போகும். பியானோவைச் சரிபார்க்கும் ட்யூனரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அடுத்த பதிவைக் காலையில் எடுங்கள், கோலாலம்பூரில் இடி பெரும்பாலும் மாலையில்தான்.

இந்தப் பதிவை அம்மாவுக்கு அனுப்பலாமா? தங்கை பியானோ வாசிக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்கிறார், இன்னும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நீங்கள் சரி என்றால் இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்கள் அக்கா மகள்