பொருத்து வீடு தருவதற்கு முன்

வடக்கு, கிழக்குக்கு வீட்டுத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் முப்பது வருடமாக மேசன் வேலை செய்கிறேன். தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி நிறுத்தும் பொருத்து வீட்டை, பிழைப்புப் போய்விடும் என்ற பயத்தில்தான் மேசன்மார் எதிர்க்கிறார்கள் என்று நினைப்பீர்கள். அதுவும் இல்லாமலில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

போருக்குப் பிறகு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. 2016இல் மாதிரி வீடும் காட்டினார்கள். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத் திட்டத்திலோ ஐந்தரை இலட்சம்தான். அதைக் கட்டம் கட்டமாக வங்கியில் எடுத்து, சனம் தாமே நின்று கல்வீடு கட்டியது. அந்தக் காசு போதவில்லை என்பது உண்மை. அத்திவாரம் முடியுமுன் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போன வீடுகளில் நானே வேலை செய்திருக்கிறேன். சரி, ஆளுக்குப் பத்து இலட்சம் கொடுத்திருந்தால்? ஓர் இரும்பு வீட்டுக் காசில் இரண்டு கல்வீடு எழும்பியிருக்கும்.

மீள்குடியேறிய புதிதில் நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள். சித்திரை மாதம் பத்து மணிக்கே அம்மா பாயை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவா. பொழுதுபட்டால்தான் உள்ளே வருவா. இரும்பு வீடு என்றதும் எங்களுக்கு அந்தப் பாய்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று. எங்கள் பக்கம் வீடு ஒரே தடவையில் கட்டி முடிவதில்லை. முதலில் ஓர் அறையும், விறகடுப்போடு குசினியும். நெல் நல்ல விலை போன போகத்தில் விறாந்தை. மகள் வளர வளர இன்னோர் அறை. கடைசியில் அதையே அவளுக்குச் சீதனமாக எழுதுவோம். ஆணி முறுக்கி நிறுத்திய சுவரில் எதைக் கழற்றி, எங்கே கல் வைப்பேன்? துருப்பிடித்த தகட்டுக்கு மாற்றுத் தகடு எந்தக் கடையில் வாங்குவேன்?

பொருத்து வீடே கூடாது என்று சொல்லமாட்டேன். வெள்ளத்தில் வீடு போனவனுக்கு அடுத்த மாரிக்குள் கூரை வேண்டும். தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணால் மணலுக்கும் மேசனுக்கும் பின்னால் அலைய ஏலாது. கட்டி முடித்துத் திறப்பைக் கையில் கொடுத்தால் அவளுக்கு அது பெரிய உபகாரம். அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்யும் வீட்டுக்கென்றே 1976 முதல் மத்திய அரசின் தரவிதி இருக்கிறது, எந்த இடத்துக் காற்றுக்கு எந்த வீடு தாங்கும் என்பது வரை. அப்படி எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஒரு விதியை எழுதிவிட்டு வாருங்கள். அப்புறம், காசா வீடா என்று அந்தந்தக் குடும்பத்தையே கேளுங்கள்.

அடுத்த மாதிரி வீட்டை இங்கே எங்கள் வளவுகளுக்கு நடுவே வையுங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை ஒரு குடும்பம் அதில் இருந்து, சமைத்துப் பார்க்கட்டும். அத்திவாரம் போட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். வழமையான கூலிதான்.

இப்படிக்கு,
கிளிநொச்சி மேசன் ஒருவன்