அம்மாவுக்கு வராத 'ழ'

ஆசிரியருக்கு,

பக்கவாதத்தால் என் அம்மா பேச்சிழந்து ஆறு மாதமாகிறது. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்குகிறது. தண்ணீர் கேட்கத்தான் சொல் வருவதில்லை. ஆனால் தேவாரத்தை எடுத்துக் கொடுத்தால் வரி பிசகாமல் பாடுகிறார்! மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இப்படிப் பாட்டு மட்டும் மிஞ்சுவதுண்டாம்.

கொழும்பில் அவருக்குப் பேச்சுச் சிகிச்சை அளிக்கும் பெண் பொறுமைசாலி. குறை சொல்ல மனமில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். மொழிபெயர்க்க வந்தவர், அம்மா 'வாளைப்பளம்' என்றதும் "ழ வரவில்லை" என்று குறிக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பிறந்த அம்மாவுக்கு அது என்றைக்குமே வந்ததில்லை ஐயா!

1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. படிவங்களில் இருக்கும் தமிழ் சிகிச்சை அறைக்குள்ளும் வர வேண்டாமா? களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு இருக்கிறது. டாக்டர் கனவிலேயே பிள்ளைகளை வளர்க்கும் நம் பெற்றோர் இதையும் கவனிக்கலாம்.

அதுவரை, தமிழில் படஅட்டைகளாவது அச்சிட்டுத் தாருங்கள். இப்போது காட்டும் அட்டையில் இருக்கும் ஸ்ட்ராபெரியை அம்மா வாழ்நாளில் வாங்கியதில்லை. இடியப்பத்தையும் சொதியையும் காட்டினால் வாய் திறக்கக்கூடும்.

ஒரு மகள்,
வெள்ளவத்தை.