வாசகர் வட்ட ஆண்டறிக்கை: பாகிஸ்தானைப் படித்த ஆண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டும் ஒரு நாடு, ஒரு கேள்வி என்று எடுத்துக்கொண்டோம். பாகிஸ்தானில் ஆண்களைத் தற்கொலைக்குத் தள்ளுவது எது, பெண்களைத் தள்ளுவது எது? "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் இதைப் போய்ப் படிக்கணுமா?" என்று தலைவரே கேட்டார். ஆனால் கூட்டம் குறையவில்லை. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

முதல் இரண்டு கூட்டங்கள் எண்ணிக்கையைத் தேடியே வீணாயின. என் தவறுதான். தற்கொலை முயற்சி அங்கே 2022 டிசம்பர் வரை குற்றம். வெள்ளைக்காரன் காலத்து 309ஆம் பிரிவுதான் 325 என்று எண் மாறித் தொடர்ந்தது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் வரும், மார்க்கம் தடுத்ததைச் செய்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். அதனால் பல குடும்பங்கள் விபத்து என்று சொல்லி மூடிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019க்குச் சொன்ன கணக்கும் மதிப்பீடுதான். அதன்படி இறப்பில் ஆண்கள், பெண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

மூன்றாவது கூட்டத்தில்தான் விஷயம் சூடு பிடித்தது. கராச்சி ஆகா கான் பல்கலைக்கழக மனநல மருத்துவர் முராத் மூசா கான் 1998இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் படித்தோம். முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றியது. அங்கே நிலைமை தலைகீழ். பெண்களே அதிகம், அதிலும் கல்யாணம் ஆனவர்கள். மேல்நாட்டு ஆய்வுகளில் கல்யாணம் பெரும்பாலும் ஒரு காப்பு. இங்கே அது எப்படி ஆபத்தாகிறது? சின்ன வயதில், கேட்காமல் முடிக்கும் கல்யாணம், மாமியார் வீட்டுக் கெடுபிடி, கையில் காசில்லாமை, திரும்பிப் போனால் பிறந்த வீடு கதவைத் திறக்குமா என்ற பயம் என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். பெண்கள் பக்கத்து நாற்காலிகளில் இருந்து வந்த பதில்கள் பாகிஸ்தானைப் பற்றி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முராத் மூசா கான் குழு 2008இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கராச்சியில் தற்கொலையால் இறந்த 100 பேரை உயிரோடிருக்கும் 100 பேரோடு ஒப்பிட்டிருந்தார்கள். மனச்சோர்வு, வேலையின்மை, திருமணம் ஆகியவை ஆபத்தோடு சேர்ந்து வந்தன. இறந்தவர்களில் மிகச் சிலரே சிகிச்சையில் இருந்தவர்கள். சம்பாதிக்காத ஆண் வீட்டில் என்ன மரியாதையோடு இருக்க முடியும் என்று ஆட்டோ ஓட்டும் உறுப்பினர் கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வட்டா சட்டா பற்றிய விவாதத்தில் நான் தோற்றேன். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இந்த வழக்கம் பாகிஸ்தான் கிராமக் கல்யாணங்களில் சுமார் மூன்றில் ஒன்று. ஒரு ஜோடி பிரிந்தால் மற்ற ஜோடியும் பிரிய வேண்டும். ஆகவே பெண்ணுக்கு இது பொறி என்று வாதிட்டேன். பொருளியலாளர் இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வோ, அப்படிக் கட்டிக்கொண்ட பெண்கள் அடிபடுவதும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாவதும் குறைவு என்கிறது. என் தங்கையை நீ அடித்தால் உன் தங்கையை நான் அடிப்பேன் என்ற மிரட்டலே காவல்! இது பாதுகாப்பா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற செவிலியரான நம் உறுப்பினர் அக்கா, பாகிஸ்தான் குடும்பங்கள் மறைப்பதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "நம்ம ஊர்ல மட்டும் என்னவாம்? என் காலத்துல வந்த பொம்பளைங்க எல்லாருக்கும் தீராத வயித்துவலி" என்றார். கையிலிருந்த டீ ஆறும்வரை அதைப் பற்றியே பேசினார். எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தரவில்லை.

அந்தக் கூட்டத்தின் முடிவுப்படி மனம் உடைந்தவர்கள் அழைத்துப் பேசக்கூடிய 104, டெலிமானஸ் 14416 ஆகிய அரசு உதவி எண்களை நூலக வாசலில் எழுதி ஒட்டினோம். முதலில் நாளிதழ் மேசைக்கு மேலேதான் ஒட்டியிருந்தோம். எல்லோரும் பார்க்கும் இடத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது என்று அக்கா சொன்னதால், தண்ணீர்ப் பானைக்குப் பின்புறச் சுவருக்கு மாற்றினோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஒலிபெருக்கி வாடகைக்குப் பாக்கி இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு நாடு தேர்ந்தெடுக்கும் சீட்டுகளைத் தேநீர் இடைவேளைக்குள் போட்டுவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்