குருமன்காட்டு வீடு

அன்புள்ள நண்பா,

நீ கேட்டபடி, நீ வாங்க நினைக்கும் வவுனியா குருமன்காட்டு வீட்டை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். முதல் முறை தரகரோடு நல்ல வெயிலில் போனேன். இரண்டாம் முறை, மூன்று நாள் அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை தனியே போனேன். தரகர் உனக்கு அனுப்பிய படங்கள் வெயில் நாளில் எடுத்தவை. ஆகவே மழைக்குப் பிறகு நான் கண்டதை விரிவாக எழுதுகிறேன்.

பழைய வீடு உண்மையிலேயே நல்ல வீடு. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன், முன்பக்கச் சுவர்கள் நேராக நிற்கின்றன. பாலை மரத்தில் செய்த கதவு நிலைகள் இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு நூல் அசையவில்லை. கிணற்றில் ஊற்றும் உண்டு. வவுனியாத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது உனக்குத் தெரியும், அதில் இந்தக் கிணறும் விலக்கல்ல. என்னைக் கவலைப்படுத்துவதெல்லாம் விற்பதற்காகவே அண்மையில் அவசர அவசரமாகச் செய்த திருத்த வேலைகள்தாம்.

2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் கிளிநொச்சியில் நாங்கள் வீடு கட்டியது உனக்கு நினைவிருக்கும். 5,50,000 ரூபாயையும் ஒரேயடியாகத் தராமல், வேலை வளர வளரப் பார்வையிட்டுக் கட்டங்கட்டமாகத்தான் தந்தார்கள். மேசனுக்கு மண் குழைத்துக் கொடுத்துக்கொண்டு நான் நின்ற அந்த மாதங்களில்தான், ஒரு வீட்டை அத்திவாரத்திலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இந்த வீட்டையும் அப்படித்தான் பார்த்தேன்.

பின்னறையில் புதுப் பெயின்ற் பளபளக்கிறது. சுவரோடு ஒட்டி ஓர் அலுமாரி நின்றது. அதன் பின்னால் கையை விட்டுத் தடவினேன். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவர் குளிர்ந்து நசநசத்தது, விரலில் வெள்ளை உப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது, பெருவிரலால் அழுத்தியதும் பெயின்றும் அதன் கீழிருந்த பூச்சும் அப்பளம்போல் நொறுங்கி விழுந்தன. அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் இட வேண்டிய தார்ப்பூச்சு அங்கே இல்லை, அல்லது பழுதாகிவிட்டது. முற்றத்து மண்ணையும் கொட்டி உயர்த்தியிருப்பதால், பீலியில்லாத கூரைத் தண்ணீர் அந்தச் சுவரடியில்தான் தேங்கி நிற்கிறது. காரணத்தைத் திருத்தாமல் மேலே எத்தனை முறை பெயின்ற் அடித்தாலும், அடுத்த கார்த்திகையில் அதுவும் உரிந்துவிடும்.

குசினியைப் புதிதாக நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். புதுச் சுவரின் கல்லைப் பழைய சுவருக்குள் பல் விட்டுப் பிணைக்காமல், வெறுமனே பக்கத்தில் முட்ட வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு அத்திவாரங்களும் ஒரே அளவாக இறங்குவதில்லை. அதனால் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்ததுபோல் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. அதைப் பூசி மறைத்த பிறகும் மீண்டும் திறந்து, இப்போது பத்து ரூபாய்க் குற்றியின் விளிம்பு உள்ளே போகிறது.

ஹோலில் பழைய சீமெந்துத் தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே ரைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். சாவிக்கொத்தால் தட்டிக்கொண்டே நடந்தேன், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றுக் குடம்போல் ஒலித்தது, அங்கெல்லாம் ரைல்ஸ் சரியாக ஒட்டவில்லை. தரை உயர்ந்துவிட்டதால் அந்த அருமையான பாலைக் கதவுகளின் அடியைச் சீவிவிட்டார்கள். நண்பா, அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நொந்தது. குளியலறையில் பேரனின் போளை ஒன்றை வைத்துப் பார்த்தேன். அது தண்ணீர் போகும் துவாரத்துக்குப் போகாமல் வாசலை நோக்கி உருண்டது. வயரிங்கும் சரியில்லை: பிளக்குகள் கூடியிருக்கின்றன, எர்த் கம்பியைக் காணவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பயம் சீலிங்தான். ஓட்டுக்குக் கீழே வீடு முழுவதும் புதிதாகப் பிளாஸ்ரிக் சீலிங் அடித்து மூடிவிட்டார்கள். வெளியே இறவாரத்தின் இடைவெளியால் ரோச் அடித்துப் பார்த்தபோது, சுவரில் ஏறிய கறையான் மண்கோடு ஓட்டைத் தாங்கும் ஒரு பனஞ்சிலாகைக்குள் நேராகப் போவது தெரிந்தது. ஒரு துண்டைக் கழற்றிக் காட்டும்படி கேட்டேன்; உடைந்துவிடும் என்று தரகர் மறுத்துவிட்டார்.

திருத்த வேலைக்கென்று அவர்கள் விலையில் கூட்டியிருக்கும் 25 இலட்சத்தில் ஒரு சதமும் கொடுக்காதே என்பதே என் எண்ணம். அந்த வேலையைக் கழற்றி எறிவதற்கே நீ தனியாகச் செலவழிக்க வேண்டிவரும். காணிக்கும் பழைய சுவர்களுக்கும் கிணற்றுக்கும் உரிய விலை பேசினால் வாங்கலாம். அதற்கும் முன்னால் சீலிங் திறக்கப்பட வேண்டும், நமக்குத் தெரிந்த ஒரு மூத்த மேசனும் தச்சரும் என்னோடு வந்து பார்க்க வேண்டும். காணி உறுதிப் பத்திரத்தையும் நில அளவைப் படத்தையும் ஒரு சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கட்டும். குசினி நீட்டிய பின்துண்டு சொந்த உறுதியுள்ள காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்று தரகர் தெளிவாகச் சொல்லவில்லை. அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தின் சம்மதமின்றி அதை விற்க முடியாது.

தங்கச்சி இங்கே வந்து வாழ ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். அந்த ஆசைக்காகவே இவ்வளவு கண்டிப்பாக எழுதினேன். சீலிங்கைத் திறக்கச் சம்மதமா என்று நீயே விற்பவரிடம் நேரடியாகக் கேட்டு எழுது. பதில் வரும்வரை முற்பணம் அனுப்பாதே.

அன்புடன்,
உன் நண்பன்