அலமாரியில் வைக்காதே

தூத்துக்குடி,
புதன் இரவு

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. நாளைக்கு நல்ல மீன் வரும் என்று உன் அம்மா இன்றைக்கே கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பியது அவள் பக்கத்தில் இருந்ததால்தான். போனை வைத்ததும், “பிள்ள ஒயினு கணக்கு கேக்கா, நீங்களும் வகுப்பு எடுக்கியளோ?” என்றாள். வாயால் எடுத்தால்தானே வம்பு. அதனால் கடிதம்; போட்டோ எடுத்து போனில் அனுப்பிவிடுகிறேன்.

சனிக்கிழமை ஆபீஸ்காரர்கள் ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள், மீன் சமைக்கிறாய், சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளை ஒயின் வரிசைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டாய். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நீ இருக்கிற போர்ச்சுகலின் போர்ட்டோ என்ற பேரைக் கேட்டாலே ஊர் உலகம் இனிப்பான போர்ட் ஒயினைத்தான் நினைக்கும். மீனுக்கு அது வேண்டாம். உன் ஊரைச் சுற்றி, வடக்கே ஸ்பெயின் எல்லையில் ஓடும் மிஞ்ஞு ஆறு வரைக்கும் விளைகிற வெள்ளை ஒயின் ஒன்று இருக்கிறது. 1908-லேயே எல்லை வகுத்துக் கொடுத்த பகுதி அது. பாட்டிலில் ‘வின்ஹோ வெர்டே’ என்று படிக்கிற மாதிரி எழுதியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது ‘வீஞ்ஞு வேர்த்’. எங்கள் கப்பல் சமையல்காரர் கொல்லத்துக்காரர். முதல் தடவை கேட்டதும், “இது நம்முடெ வீஞ்ஞு அல்லே!” என்று துள்ளினார். மலையாளத்தில் ஒயினுக்கு வீஞ்ஞுதான் பெயர். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். நமக்கு அலமாரி, சன்னல், சாவி, மேசை என்று விட்டுப்போனார்கள். ஒயினை மட்டும் ஏனோ நாம் வாங்கவில்லை. மாதா கோயிலில் திராட்சரசம் என்றே சொல்லிக்கொண்டோம்.

வேர்த் என்றால் பச்சை. பச்சை நிறத்தில் இருக்கும் என்று நினைக்காதே. இளம் எலுமிச்சைத் தோலைத் தண்ணீரில் போட்ட மாதிரி ஒரு வெளிறல்தான். மழை பெய்து பெய்து பச்சையாகக் கிடக்கும் அந்த நிலத்தை வைத்து வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு மற்ற விளக்கம்தான் பிடிக்கும். பச்சைப் பிள்ளை, பச்சை உடம்பு என்கிறோமே, அந்தப் பச்சை. செப்டம்பர், அக்டோபரில் பறித்து, சில மாதங்களிலேயே பாட்டிலில் அடைத்து, அடுத்த கோடையில் குடித்துத் தீர்க்கிற ஒயின்.

எனக்கு இது தெரிந்த கதையையும் கேட்டுக்கொள். 1998 செப்டம்பரில் எங்கள் கப்பல் பழுதுபார்க்க வியானா டூ காஸ்டெலோவில் ஐந்து வாரம் நின்றது. லிமா ஆறு கடலில் சேருகிற ஊர். பட்டறையில் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர், என் வயசுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை திராட்சை பறிக்க அவருடைய அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஆற்றோரமாக உள்ளே, போன்டி டி லிமா பக்கம் ஒரு கிராமம். திராட்சைத் தோட்டம் எங்கே என்று தேடினேன். கண்ணில் பட்டது மக்காச்சோளமும் முட்டைக்கோசும்தான். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே தொங்குகிறது! கருங்கல் தூண் நட்டு, வயலின் ஓரமெல்லாம் பந்தல். சில கொடிகள் நேராக மரத்திலேயே ஏறியிருந்தன. நம் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியைப் பிடித்து ஏறுமே, அப்படி. பறிக்க நீள ஏணி வேண்டும். கைப்பிடி நிலத்தில் நடுவே சோற்றுக்கு விளைவிக்க வேண்டும், ஒயினுக்கு ஓரம்தான் மிச்சம். அதனால் கொடியை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஈரத்தில் பூசணம் பிடிக்காமல் காற்றோட்டமும் கிடைக்கும். ஆனால் அவ்வளவு உயரத்தில், அந்த மழையில், பழம் முற்றி இனிப்பேறுவது கஷ்டம். சர்க்கரை குறைந்தால் போதையும் குறைவு, புளிப்பு கூட. அந்த ஒயின் லேசாக இருந்ததற்கு இதுதான் காரணம். இப்போது பெரும்பாலும் தாழ்வாகக் கம்பி கட்டி வளர்க்கிறார்கள், பழமும் நன்றாக முற்றுகிறது. பந்தலை எங்காவது பார்த்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

மதியம் அடுப்பங்கரையிலேயே பெரிய மேசை. முதலில் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கருஞ்சிவப்பாக எதையோ ஊற்றினார்கள். பச்சை ஒயினிலேயே சிவப்பு! விஞ்ஞாவ் என்கிற திராட்சை. புளித்த நாவல்பழச் சாற்றில் ஆணி ஊறப்போட்ட மாதிரி இருந்தது; கிண்ணத்தில் ஊதாக் கறை வேறு. அங்கே கிழவர்கள் அதற்கு உயிரைக் கொடுப்பார்கள். நீ சனிக்கிழமை அந்தப் பக்கம் போகாதே. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த அம்மா வெள்ளையை எடுத்து வந்தார். சுட்ட சாளை மீன், மக்காச்சோள ரொட்டி, அதோடு ஒரு மடக்கு. நாக்கில் சுருக்கென்று ஒரு முள், பிறகு எலுமிச்சைப் பூ வாசம், பிறகு வாயில் மீன் எண்ணெய் இருந்த தடமே இல்லை. நாம் பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிற வேலையை அங்கே அந்த ஒயின் செய்கிறது. வேறு பெரிய ரகசியம் ஏதும் இல்லை.

சரி, கடைக்கு வா. முன்பக்கப் படத்தைப் பார்க்காதே, பாட்டிலைத் திருப்பு. மூன்று விஷயம்தான் உனக்கு வேண்டும். முதலில், எந்த வருஷத்து அறுவடை. ‘கொல்யெய்டா’ என்று போட்டு வருஷம் இருக்கும். போன வருஷத்தது என்றால் எடு. அதற்கும் முந்தினது என்றால் யோசி. வருஷமே போடாத பாட்டில் தள்ளுபடியில் குவித்துக் கிடந்தால் விட்டுவிடு. அடுத்தது ஆல்கஹால் அளவு. 9 முதல் 11 சதவீதம் வரை என்றால் நீ தேடுகிற லேசான வகை. 12, 13 என்றால் ஆள் கொஞ்சம் கனம். மூன்றாவது, திராட்சையின் பெயர். இங்கேதான் ருசியே பிரிகிறது.

லோரெய்ரோ என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. லிமா ஆற்றுப் பிள்ளை அது, நான் அன்று குடித்ததும் அதுதான். பிரிஞ்சி இலை ஜாதியில் அவர்களிடம் ஓர் இலை உண்டே, லோரோ, அதன் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். பூ வாசமும் எலுமிச்சையும். அரிந்தோ என்று ஒன்று, பெயருக்கு ஏற்ற மாதிரி நாக்கை அரியும். கொழுப்பு மீனுக்கு நல்லது. த்ரஜதூரா சாது, மற்றதன் புளிப்பைத் தணிக்கக் கலப்பார்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்த கலவைதான் அலமாரியில் பாதி. அல்வரீஞ்ஞு தனி ரகம். மிஞ்ஞு ஆற்றங்கரையில் மொன்சாவ், மெல்காசு ஊர்களில் விளைகிறது. மலை மறைப்பதால் கடல் காற்று அவ்வளவு அடிக்காது, பழம் நன்றாக முற்றும், பீச் பழ வாசம் வரும். ஆற்றுக்கு அக்கரையில் ஸ்பெயின்காரர்கள் இதே திராட்சையை அல்பரீன்யோ என்பார்கள். யாருடையது முதல் என்று இரண்டு கரைக்கும் வழக்கு. விலை கூட. போன வருஷம் உன்னைப் பார்க்க வந்தபோது நானும் அந்தக் கடையில் விலை பார்த்தேன்: சாதாரணக் கலவை மூன்று, நான்கு யூரோ, நல்ல லோரெய்ரோ அதற்கு இரண்டு மடங்கு. ஆறு பேருக்கு இரண்டு லோரெய்ரோ, ஒரு அல்வரீஞ்ஞு. கணக்கு முடிந்தது.

அந்தச் சுருக் முள் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் என்ஜின் ரூம்காரனுக்குத் தூக்கம் வராது. முன்பெல்லாம் பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே நுண்ணுயிர் வேலை பார்த்து, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்கும். அப்போது வருகிற வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து நிற்கும். இப்போது மலிவான பாட்டில்களில் அடைக்கும்போதே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு ஏற்றிவிடுகிறார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வெயிலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் பலதும் லேசாக இனிக்கும். விலை கூடிய பாட்டிலில் முள் இல்லையே, கெட்டுப்போயிற்றோ என்று நீ பதறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குளிர்ச்சி முக்கியம். மதியமே பிரிட்ஜில் வைத்துவிடு. மறந்துவிட்டால் வாளியில் ஐஸ், தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. இருபது நிமிஷம் முக்கி வை. உப்பு போட்டால் ஐஸ் தண்ணி இன்னும் குளிரும் என்று உப்பளத்து ஊர்ப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 8 முதல் 10 டிகிரிக்குள் இருந்தால் போதும். அல்வரீஞ்ஞுவை மட்டும் பத்து நிமிஷம் முன்னாலேயே வெளியே எடு, ரொம்பக் குளிர்ந்தால் வாசம் உறங்கிவிடும். கிளாஸில் பாதிக்குமேல் ஊற்றாதே. சூடேறுவதற்குள் குடித்துவிட்டு மறுபடி ஊற்றிக்கொள்ளட்டும்.

என்ன சமைக்கிறாய் என்று நீ சொல்லவில்லை. சாளையோ அயிலையோ வறுத்தால் லோரெய்ரோ. அங்கே கிடைக்கும் பக்கல்யாவ் என்ன, நம் கருவாட்டுக்கு மாமன் மகன்தானே; அதில் உருண்டை பிடித்துப் பொரித்தால் அதற்கும் அதுவே. மட்டி கிடைத்தால் பூண்டு, கொத்தமல்லி போட்டு வேகவைத்துவிடு. அம்மா மாதிரி புளி கரைத்து மீன் குழம்பு வைப்பதானால் யோசி: புளிக்குப் புளிப்பு ஒயின் சண்டை போடும், இரண்டும் தோற்கும். லேசாக இனிக்கிற மலிவுக் கலவை அங்கே ஜெயிக்கும். மிளகாய்க் காரத்துக்கும் அதுதான். ஆல்கஹால் கூடினால் காரம் இன்னும் எரியும். அந்த மிளகாயையே நம் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள், எரியட்டும் என்று விட்டாலும் தப்பில்லை.

உன் தாத்தா குடித்து நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் நின்றபடி, ஒரு கடலைகூடக் கடிக்காமல், மருந்து மாதிரி ஒரே மூச்சில். வீட்டில் பானை காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால் கப்பலில் சேர்ந்து ஏழு வருஷம் நான் எதையும் தொடவில்லை. அந்தக் கிராமத்து மேசையில்தான் முதல் தடவை, எண்பது வயதுப் பாட்டி மருமகனுக்கு ஒயினை ஊற்றிவிட்டு மீன் முள்ளை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். தட்டு காலியானதும் கூஜாவும் காலி, யாரும் இன்னொன்று கேட்கவில்லை. அங்கேயும் குடிகாரர்கள் உண்டு, துறைமுகச் சந்தில் விழுந்து கிடந்தவர்களை நானே தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் அந்த மேசைதான் எனக்கு நினைவில் நிற்கிறது. லேசான ஒயின் தண்ணி மாதிரி இறங்கும், அதுதான் அதன் ஆபத்தும். பக்கத்தில் ஒரு ஜாடி தண்ணீர் வை. குடிக்காதவர் வந்தால் ஏன் என்று கேட்காதே.

ஊர் திரும்பும்போது அந்த வீட்டுக்காரர் சொன்ன கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன், 1997 அறுவடை. உனக்கு ஒரு வயசு அப்போது. நல்ல நாள் வரட்டும் என்று அலமாரியில், வேட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். பொங்கல் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று, எல்லாம் சாதாரண நாளாகவே தெரிந்தது. கடைசியில் நீ கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்கிய உன் புதுநன்மை அன்று, 2006-ல் திறந்தேன். ஏழெட்டுக் கோடை தூத்துக்குடி வெக்கையில் கிடந்த பாட்டில்! வெந்தயம் ஊறின தண்ணி நிறம். முள்ளும் இல்லை, பூவும் இல்லை, அடிபட்ட ஆப்பிள் வாசம். உன் மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, “என்ன மச்சான், காடியா?” என்றார். சமாளித்துச் சிரித்தேன். நல்ல அல்வரீஞ்ஞு என்றால் சில வருஷம் தாங்கியிருக்கும். நான் வாங்கியது அந்த வகை இல்லை. அந்த அம்மா அவ்வளவு தூரம் கையை ஆட்டி, சீக்கிரம் குடி, சீக்கிரம் குடி என்று சொன்னது எனக்குப் பாஷை புரியாது என்பதற்காக மட்டும் இல்லை.

இந்த மாதம் 23-ஆம் தேதி ராத்திரி உன் ஊரில் ஸ்நாபக அருளப்பர் திருநாள், தெருவெல்லாம் சாளை சுடுவார்கள், பிளாஸ்டிக் சுத்தியலால் தலையில் தட்டுவார்கள். சனிக்கிழமை மிச்சம் வந்தால் மூடி பிரிட்ஜில் வை, ஓரிரு நாளில் தீர்த்துவிடு. அருளப்பருக்குப் புதிதாக வாங்கிக்கொள்.

இதை எழுதி முடித்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். தாத்தா பற்றின இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சன்னலைக் காட்டினாள். அந்த 1997 பாட்டில்தான், மணிபிளான்ட் வைத்திருக்கிறாளே, வேர் உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. “சனிக்கிழமை ஆனதும் கழுவி ஒரு பாட்டில எடுத்து வைக்கச் சொல்லுங்க. வாய் ஒடுங்கினதா பாத்து.”

அன்புடன்,
அப்பா